வியப்பதற்கு முன் அனுமதி

எங்கள் பள்ளியில் ஒரு மாணவர் வியப்படைய வேண்டுமென்றால் பத்து வேலை நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த விதி எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஓல்ட்பரோ உயர்நிலைப் பள்ளியின் முன்னலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் மர்னா டோய்ல். இந்தக் கட்டடத்தில் எந்தத் தாளும் என் கையைத் தாண்டாமல் போகாது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நெட் ஹாலரன் என்று ஒரு ஆங்கில ஆசிரியர். முப்பத்தொரு வயது, நெட்டையான ஆள், சட்டைப் பையில் எப்போதும் மூடியில்லாத பேனா, அதனால் எப்போதும் ஒரு நீலக் கறை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். அந்த வருஷக் கடைசியில்தான் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும். நல்ல மனுஷன். புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். புத்திசாலியாக இருந்திருந்தால் அனுமதி கேட்டிருக்க மாட்டார்.

அக்டோபர் முதல் வாரத்தில் என் ஜன்னலுக்கு வந்தார்.

"மர்னா, அடுத்த பாடம் ரொமான்டிசிசம். பசங்கள பின்னாடி இருக்கற தோப்புக்கு ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்கறேன்."

"அங்க போய்?"

"உக்காரணும்."

"உக்காந்து?"

"அவ்வளவுதான். ஒவ்வொருத்தரும் தனியா, சும்மா உக்காரணும்."

தோப்பு என்பது ஃபுட்பால் மைதானத்தைத் தாண்டினால் நாலு ஏக்கர். ஓக் மரங்கள், ஒரு பெரிய பாறை, முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டை. சிகரெட் பிடிக்க நினைக்கும் பிள்ளைகள் அனுமதி இல்லாமலே நாள்தோறும் போய்வரும் இடம்.

"இதுக்கு எதுக்குங்க பாடம்?" என்றேன்.

அவர் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்த ஆத்தங்கரை பூரா நெசவாலை வந்துச்சு. ஆலை மணி அடிச்சா எழுந்திரிக்கணும், மணி அடிச்சா சாப்பிடணும், மணி அடிச்சா தூங்கணும். அப்போ கொஞ்சப் பேரு, இதுவா வாழ்க்கைன்னு கேட்டுட்டுக் காட்டுக்குள்ள போனாங்க. மரத்தப் பாத்தாங்க. ஊர் சொல்றத விட நம்ம மனசு சொல்றது பெருசுன்னு எழுதினாங்க. அதப் பசங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது? இங்க..."

அந்த நேரம் பார்த்து இரண்டாம் பாட வேளைக்கு மணி அடித்தது. அவர் ஓடிவிட்டார். ஓடுவதற்கு முன் களப்பயணப் படிவத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்: வியப்பு.

'நடைப்பயிற்சி' என்று எழுதியிருந்தால் அன்று மாலையே நான் முத்திரை குத்திக் கொடுத்திருப்பேன்.

மறுநாளே எங்கள் பள்ளி மாவட்டத்தின் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் கிரெக் டால்மன் நேரில் வந்துவிட்டார். அவர் முகத்தில் எப்போதும் ஒரே அளவுள்ள புன்னகை இருக்கும். என் அறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெட்டைக் கூப்பிட்டார்.

"நெட், வியப்பு! எவ்வளவு அழகான இலக்கு. எத்தனை சதவீதம்?"

"எது எத்தனை சதவீதம்?"

"எத்தனை சதவீதப் பசங்க, எத்தனாவது நிமிஷத்துல வியப்பாங்க?"

நெட் என்னைப் பார்த்தார். நான் காகிதக் கத்தையைச் சரிசெய்தேன்.

"அது... சொல்ல முடியாதுங்க. சில பேருக்கு அன்னிக்கு எதுவுமே தோணாது. பத்து வருஷம் கழிச்சு ஒரு நாள் தோணும்."

"பத்து வருஷமா? அறிக்கை ஜூன்ல குடுக்கணும்." டால்மன் பேனாவைத் திறந்தார். "நாப்பதாவது நிமிஷம், எண்பது சதவீதம். போதுமா? உங்களுக்காகக் குறைச்சே போட்டிருக்கேன்."

பிறகு மதிப்பெண் அட்டவணை தயாரானது. நான்தான் தட்டச்சு செய்தேன். நாலு: எதிர்பார்ப்பை மீறி வியந்தார். மூன்று: வியந்தார். இரண்டு: வியப்பை நோக்கி முன்னேறிக்கொண்டிருக்கிறார். ஒன்று: பேனா கொண்டுவரவில்லை.

"ஒரு பொண்ணு வியந்து வாயடைச்சுப் போயிட்டா?" என்று நெட் கேட்டார்.

"எழுதிக் காட்டணும். மூணே வரி. 'நான் இன்னதைப் பார்த்தேன். அது என்னை இன்னவாறு உணரவைத்தது. அதற்கு ஆதாரம் இன்னது.'"

"உணர்ச்சிக்கு ஆதாரமா?"

"பாறைன்னு எழுதலாம். ஏத்துக்குவோம்." டால்மன் குரலைத் தாழ்த்தினார். "என்னையக் கல்நெஞ்சக்காரன்னு நினைக்காதீங்க, நெட். நானும் ஒரு தடவ வியந்திருக்கேன். கல்லூரில படிக்கும்போது, ஒரு ஏரிக்கரைல. அப்போ அளக்கறதுக்கு ஒரு வழியும் இல்ல. மொத்தமும் வீணாப் போச்சு."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். உண்மையாகவே கலங்கியது.

அதே பாடத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அந்தக் காலத்து ஆட்கள், நியாயமில்லாத உத்தரவு வந்தால் கீழ்ப்படிய மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குக்கூடப் போனார்கள் இல்லையா, அது. டால்மன் அதையும் விடவில்லை. வியாழக்கிழமை காலை பத்து இருபது முதல் பத்து முப்பத்தைந்து வரை 'கீழ்ப்படியாமை' என்று கால அட்டவணையில் போட்டார். நெட் ஒரு பயிற்சித்தாளைக் கொடுக்க வேண்டும், மாணவர்கள் அதைச் செய்ய மறுக்க வேண்டும், டால்மன் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுப்பார். ஏற்பாடு இதுதான்.

பதினோராம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேர் பத்து இருபதுக்குச் சரியாகப் பேனாவைக் கீழே வைத்தார்கள். இனெஸ் மெடெய்ரோஸ் என்ற பெண் மட்டும் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

"இனெஸ்," என்றார் டால்மன், "இப்போ நீ கீழ்ப்படியக் கூடாது."

"மாட்டேன்," என்றாள் இனெஸ், எழுதிக்கொண்டே.

"மாட்டேன்னா... கீழ்ப்படிய மாட்டியா, கீழ்ப்படியாம இருக்க மாட்டியா?"

"பயிற்சித்தாள் நல்லா இருக்கு சார். செய்யத் தோணுது. விடுங்களேன்."

அவளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதா, வகுப்பு முடிந்ததும் நிறுத்திவைப்பதா என்று டால்மனுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் உத்தரவு வந்தது. நான் இரண்டையும் தட்டச்சு செய்து ஒரே உறையில் போட்டேன்.

அடுத்து வந்தவர் வாலஸ் பிரே. ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர், எங்கள் பாதுகாப்பு அலுவலர். இடுப்பில் எட்டுச் சாவிக்கொத்தும் இரண்டு டார்ச்சும் தொங்கும். தோப்பை இரண்டு நாள் ஆராய்ந்து நாற்பத்தொரு அபாயங்களைக் கண்டுபிடித்தார். பதினேழாவது அபாயம்: இலை உதிர்தல்.

"ஹாலரன், இந்த ஓக் மரத்துலேருந்து விழுதே, அது என்ன?"

"ஓக் கொட்டை."

"கொட்டை. இந்தப் பள்ளிக்கூடத்துல கொட்டை, பருப்பு எதுக்கும் அனுமதி கிடையாது. ஒவ்வாமை இருக்கற பசங்க நாலு பேரு."

"யாரும் அதத் தின்னப் போறதில்லையே வாலஸ். அணில்தான் தின்னும்."

"அணில் தின்னுட்டு ஒரு பையன் மேல ஏறினா?"

அதனால் துப்புரவுப் பணியாளர் காற்றூதி இயந்திரத்தோடு போய்த் தோப்பு முழுவதும் ஓக் கொட்டைகளை ஊதித் தள்ள வேண்டியதாயிற்று. காலையில் ஊதுவார், மத்தியானத்துக்குள் மரம் மறுபடி போட்டுவிடும். மூன்றாம் நாள் பிரே, மரங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத முடியுமா என்று என்னிடம் கேட்டார். முகவரி இல்லை என்று சொன்னேன்.

தனிமைதான் பெரிய சிக்கல். விதிப்படி எந்த மாணவரும் ஒரு பெரியவரின் பார்வையில் இல்லாமல் இருக்கக் கூடாது. நெட்டோ ஒவ்வொருவரும் தனியாக இருக்க வேண்டும் என்கிறார். இரண்டு நாள் வாதாடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: தனிமை, நாலு பேர் கொண்ட குழுக்களாக அனுபவிக்கப்படும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேற்பார்வையாளர், ஒரு முதலுதவிக்காரர். எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி. ஒரு நீண்ட விசில் என்றால் தனிமை ஆரம்பம். இரண்டு குட்டி விசில் என்றால் தனிமை முடிந்தது. மூன்று என்றால் அளவுக்கு மீறிய உணர்ச்சி, உடனே எல்லாரும் மைதானத்துக்குத் திரும்ப வேண்டும்.

நெட் தன் கட்சிக்கு வலுச் சேர்க்க, அந்தக் காலத்து ஓவியம் ஒன்றைக் காட்டினார். பிரம்மாண்டமான அருவி, மேலே இடிமேகம், அருவி விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மனிதன்.

"பாருங்க வாலஸ், இயற்கை எவ்வளவு பெருசு, நாம எவ்வளவு சின்னவங்க. இதைத்தான் சொல்லித்தரணும்."

பிரே வெகுநேரம் பார்த்தார். "கைப்பிடிக் கம்பியே இல்லாம நிக்கறான்," என்றார். "யாரு இவனுக்கு மேற்பார்வை?"

பெற்றோர் கூட்டத்தில் ஒப்புதல் படிவம் கொடுத்தோம். 'என் மகன் அல்லது மகள், பிறர் சொல்வதைக் கேளாமல் தன் மனம் சொல்வதைக் கேட்டு நடக்க இதன்மூலம் அனுமதிக்கிறேன்.' இனெஸின் அப்பா ஜோ மெடெய்ரோஸ் குழாய் வேலை பார்ப்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். படிவத்தை எட்டத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுந்தார்.

"ரொமான்டிசிசம்னா முதல்ல நான் வேற என்னமோன்னு நினைச்சேன். வீட்டுக்காரிதான் அடிக்க வந்தா. சரி, அது இல்ல. ஆனா இது என்னங்க? தன் மனசு சொல்றதக் கேக்கணும்னு என் பொண்ணுக்கு நீங்க சொல்லித்தரப் போறீங்களா? அவ வேற எதைங்க கேட்டா இத்தன நாளா? சனிக்கிழமை பாத்திரம் கழுவச் சொன்னா, மழைய வேடிக்க பாக்கறா. இதுக்கு ஒரு பாடம், ஒரு வாத்தியாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டும் சிரித்தார். மெடெய்ரோஸ் கையெழுத்துப் போட்டார். கீழே, 'சுயசிந்தனை என் வீட்டு வாசலோடு நிற்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனையும் எழுதினார். நான் முத்திரை குத்தினேன்.

பயணத்துக்கு முந்தின வாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை. பச்சைப் பாய்களை மரமாக நிறுத்தி, மாணவர்களை நடுவில் உட்கார வைத்து, டால்மன் கையில் நேரமானியோடு நின்றார். "வியங்க!" என்றார். பதினாறு வயதுப் பிள்ளைகள், விடுவார்களா? ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஒருத்தி "ஐயோ, பாய்!" என்று அலறினாள். இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள். பின்னால் இருந்த கூடைப்பந்து அணிக்காரன் மெதுவாகச் சாய்ந்து மயங்கி விழுந்தான். விழுமுன் தலைக்குப் பையை எடுத்து வைத்துக்கொண்டான். டால்மன் பரவசமாகிவிட்டார். "ஆறாவது நிமிஷம், தொண்ணூத்தஞ்சு சதவீதம்! நெட், நாம இலக்க உயர்த்தணும்."

இனெஸ் மட்டும் பாயில் ஒட்டியிருந்த சுயிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண்.

அக்டோபர் கடைசி வியாழன். வெயில் மஞ்சளாக, காற்று சுள்ளென்று இருந்தது. இருபத்திரண்டு மாணவர்கள், முப்பத்து நாலு பெரியவர்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்திருந்தார். மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளர் டாக்டர் பெவர்லி ஸ்டான்விக்கே வந்துவிட்டார். அவருக்காக ஒரு மேசையும் ஒலிபெருக்கியும் மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டரும் தோப்புக்குள் போயின. பெயர்ப் பட்டியலோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ளைகளே!" என்று ஆரம்பித்தார் டாக்டர் ஸ்டான்விக். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது. "இந்த அமைதிய உணருங்க! நம்ம மாவட்டம் தனித்துவத்துக்குப் பேர் போனது. தனித்துவம்னா என்ன? எல்லாரும் ஒரே நாள்ல, ஒரே அளவுல அடையக்கூடிய ஒண்ணு. இன்னிக்கு உங்க உள்மனசு பேசும். கவனமாக் கேளுங்க. போன ஆகஸ்ட்ல நிர்வாகக் குழு ஒப்புதல் குடுத்த விஷயங்கள அது பேசினா, தைரியமா அதன்படி நடங்க. வேற ஏதாவது பேசினா, கைய உயர்த்துங்க. ஒருத்தர் வந்து உதவுவாங்க."

கைதட்டல். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் இருபத்தாறு வருஷமா இந்தக் கல்வித்துறைல இருக்கேன். என் மனசு சொன்னத ஒரு தடவ கூட கேட்டதில்ல. இன்னிக்கு எங்க இருக்கேன் பாருங்க!"

பேச்சு முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியது. ஒரு மணி நேரத்தில் மீதி இருந்தது இருபத்திரண்டு நிமிஷம். பிரே விசில் ஊதினார். தனிமை ஆரம்பித்தது. மேற்பார்வையாளர்கள் குனிந்து குனிந்து, "வருதா? இன்னும் வரலையா?" என்று விசாரித்தார்கள். காற்றூதி ஒரு பக்கம் கொட்டைகளை விரட்டியது. ஒரு பையன் 'நான் மரத்தைப் பார்த்தேன். அது என்னை மரமாக உணரவைத்தது. அதற்கு ஆதாரம் மரம்' என்று எழுதி முதல் ஆளாகக் கொடுத்தான். நாலு மதிப்பெண்.

இரண்டு குட்டி விசில். தனிமை முடிந்தது. நான் பெயர் கூப்பிட்டேன். இருபத்தொரு குரல். இனெஸ் மெடெய்ரோஸ் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

டாக்டர் ஸ்டான்விக்கின் முகம் வெளுத்தது. "என்ன சொல்றீங்க மர்னா? ஒரு பொண்ணு... நிஜமாவே தனியா இருக்காளா?"

அதன் பிறகு நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது கஷ்டம். பிரே மூன்று விசில் ஊதினார். முப்பத்து நாலு பெரியவர்களும் ஒரே நேரத்தில் தோப்புக்குள் பாய்ந்தார்கள். எல்லாரும் ஆரஞ்சு மேலங்கி போட்டிருந்ததால், ஒவ்வொருவரும் தூரத்தில் தெரிந்த ஆரஞ்சைப் பார்த்து "அதோ அங்க!" என்று ஓடினார்கள். நாலு ஏக்கருக்குள் அவர்கள் ஒருவரையொருவர் துரத்தியபடி பாறையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். டால்மன் முட்செடியில் மாட்டிக்கொண்டு, தான் மாட்டிக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டார். பிரே குட்டைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றபடி தன் பழைய தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு, "ஆழம் தெரியல!" என்றார். இரண்டு வண்டிகள் சங்கு ஊதிக்கொண்டு வந்தன. மைதானத்தில் விடப்பட்ட இருபத்தொரு பிள்ளைகளும் டோனட் தின்றபடி இதையெல்லாம் பார்த்தார்கள். அவர்கள் வாய் பிளந்திருந்தது. அதை அளக்கத்தான் யாரும் இல்லை.

நெட் மட்டும் ஓடவில்லை. குட்டையின் மறுகரையில், நாணல் மறைக்கும் இடத்துக்கு நடந்து போனார். அங்கே இனெஸ் தன் மேலங்கியை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரத்தில் ஒரு சாம்பல் நிற நாரை, ஒற்றைக் காலில்.

"இனெஸ், எல்லாரும் உன்னத் தேடறாங்க."

"ஷ்ஷ்," என்றாள் அவள், நாரையைக் காட்டி.

நெட் வாயைத் திறந்தார். நாரை கழுத்தைக் கொஞ்சம் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாராம். இருவரும் எழுந்து வந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அதற்குள் மூன்றாவது வண்டியும் வந்துவிட்டது.

விசாரணை திங்கட்கிழமை காலை, நூலகத்தில். நீள மேசைக்குப் பின்னால் டாக்டர் ஸ்டான்விக், டால்மன், குட்டையில் நின்று சளி பிடித்து, காலில் மருந்து தடவிய பிரே. நான் குறிப்பெடுக்க. எதிரே நெட், இனெஸ், அவள் அப்பா.

டால்மன் ஆரம்பித்தார். "அவ்வளவு நேரமும் என்ன பண்ணிட்டிருந்த?"

"நாரையப் பாத்தேன்."

"நாரை என்ன பண்ணுச்சு?"

"நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமும் நின்னுச்சு."

"அதப் பாத்து நீ என்ன உணர்ந்த?"

"சொல்ல மாட்டேன்."

டால்மன் இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தார். "சொல்லத் தெரியலையாம்மா?"

"நல்லாத் தெரியும். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

பின்னாலிருந்து ஜோ மெடெய்ரோஸ் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா! நான் அன்னிக்கே சொன்னேன்ல?" அவர் குரலில் கோபம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. குறிப்பேட்டில் 'பெருமை' என்று எழுதி, பிறகு அடித்தேன்.

டாக்டர் ஸ்டான்விக் நெட்டின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஹாலரன், ஒரே கேள்வி. இந்தப் பொண்ணு இப்படி நடந்துக்கிட்டது உங்க பாடத்தோட விளைவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னா, ஒரு மாணவியக் காணாமப் போகச் சொல்லிக்குடுத்திருக்கீங்க. இல்லன்னா, உங்க பாடத்தால ஒரு விளைவும் இல்லன்னு ஆகுது. உங்க வேலைய நிரந்தரமாக்கறதப் பத்தி இந்த வருஷக் கடைசியில நான் கையெழுத்துப் போடணும்."

நூலகத்து வெப்பக் குழாய் டக் டக்கென்று சத்தம் போட்டது. நெட் சட்டைப் பையின் நீலக் கறையைத் தேய்த்தார். இப்போதாவது புத்திசாலியாக இரேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆமா," என்றார் நெட். "அதுதான் பாடம். இருபத்தொரு பேரு ஃபெயில். தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல. இவ பாஸ். அவளுக்கு நான் எதுவும் சொல்லித்தரல, ஆனா எனக்கு அவ சொல்லித்தந்தா. அந்த நேரம் பூரா நானும் உக்காந்துதான் இருந்தேன். அதையும் எழுதிக்கோங்க, மர்னா."

எழுதிக்கொண்டேன். அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மறுநாள் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பெரிய படம்: மாவட்ட அதிகாரிகள் ஆரஞ்சு மேலங்கியில், கை நீட்டி, கண் விரிய, மரங்களுக்கிடையே ஓடுகிறார்கள். 'இயற்கையில் தன்னை மறந்த கல்வியாளர்கள்' என்று தலைப்பு. மத்தியானத்துக்குள் ஏழு மாவட்டங்களிலிருந்து பாராட்டு வந்தது. புதன்கிழமை டாக்டர் ஸ்டான்விக் அறிக்கை வெளியிட்டார்: அந்த மாணவி காணாமல் போனது, நீண்ட நாள் திட்டமிடலின் பலன்.

வெள்ளிக்கிழமை இரண்டு உத்தரவு வந்தது: வியப்படைய விரும்பும் மாணவர் இனி பத்து வேலை நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் 'தொலைதல் தினம்' நடத்த வேண்டும். பள்ளியின் ஆயிரத்து நானூறு மாணவர்களும் ஒரே நாளில் தொலைய வேண்டும். நெட்டைக் கூப்பிட்டு, 'தனிமைத் துறை இயக்குநர்' பதவி தருவதாகச் சொன்னார்கள். மாவட்ட அலுவலகத்தின் அடித்தளத்தில் அறை, மூன்று உதவியாளர்கள், வகுப்பெடுக்க வேண்டாம்.

"வேண்டாங்க," என்றார் நெட். "எனக்கு வகுப்பு போதும்."

பதவி உயர்வை மறுப்பதற்கு எங்களிடம் படிவம் கிடையாது. அப்படி ஒன்று தயாராகும் வரை அவருடைய கோப்பை மூட முடியாது, மூடாத கோப்பில் இருப்பவரை நீக்கவும் முடியாது. அந்தப் படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தின் அளவு இன்னும் சரியாக வரவில்லை.

இயக்குநர் பதவி பிரேவுக்குப் போயிற்று.

நவம்பர் இரண்டாவது வியாழன், தொலைதல் தினம். ஒவ்வொரு மாணவரும் எங்கே தொலைய வேண்டும் என்று குறித்த வரைபடம் ஆயிரத்து நானூறு பிரதி. தெற்கே ஏதோ ஒரு மாவட்டத்தின் திட்டத்திலிருந்து டால்மன் அதை அப்படியே எடுத்திருந்தார். அதில் தோப்புக்குப் பதில் கடற்கரை இருந்தது. பிள்ளைகள் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டபோது பிரே ஒலிபெருக்கியில் சொன்னார்: "வரைபடம் சரியாத்தான் இருக்கு. தோப்புதான் விதிமுறைக்கு மாறா இருக்கு. கடலப் பாத்து நடங்க!"

கடல் எங்களுக்கு நாற்பது மைல் கிழக்கே. ஆயிரத்து நானூறு பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு கிழக்கே புறப்பட்டார்கள். வாத்தியார்கள் பின்னால் ஓடினார்கள். டால்மன் பின்னால் ஓடினார். முதல் தெருமுனையிலேயே கூட்டம் ஏழெட்டாகப் பிரிந்துவிட்டது. நெட்டும் இனெஸும் ஒவ்வொரு பக்கம் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து, நின்றுபோனது.

பள்ளியில் நான் மட்டும்.

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கட்டடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. நடைபாதையில் நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. கழற்றிவிட்டேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஃபுட்பால் மைதானத்துக்குப் போனேன், காலுறை நனைந்தது. மைதானத்தின் நடுக்கோட்டில் போய் நின்றேன். ஐம்பத்தேழு வயது, மூட்டு வலி. படுத்தேன்.

அப்போது வடக்கேயிருந்து காட்டு வாத்துக்கூட்டம் வந்தது. பத்து இருபது இல்லை, நூற்றுக்கணக்கில், வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோணல் மாணலான ஒரு கோடு, குவாக் குவாக் என்று எல்லாம் ஒரே நேரத்தில் சண்டை போட்டபடி. முன்னால் பறந்தது களைத்து விலகியது, இன்னொன்று முன்னால் வந்தது. அவற்றோடு கூடவே அந்த வருஷத்தின் முதல் பனி, மிக லேசாக, ஒன்றிரண்டு துகள் என் நெற்றியில். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை. வாய்விட்டு, வயிறு குலுங்க, கைகால்களை விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்தேன்.

அலுவலகத்தில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. பின்கதவைத் திறந்தே விட்டிருந்ததால் நன்றாகக் கேட்டது. அவசரமாகத்தான் இருக்கும், ஆயிரத்து நானூறு பிள்ளைகள். எழுந்து போகத்தான் நினைத்தேன்.

ஆனால் தெற்கே போன கூட்டத்துக்குப் பின்னால், தனியாக, மிகவும் தாமதமாக, இன்னொரு வாத்து வந்துகொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.